துண்டு அசையாவிட்டால் திறக்கலாம்

கூடுவாஞ்சேரிக்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு ரப்பர் கம்பெனியில் பதினான்கு வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே நான் மிகச் சுத்தமாகச் செய்த வேலை எது என்று கேட்டால் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டரை மாட்டியதைத்தான் சொல்வேன். ஒரு மனிதருடைய இடது கையை வாங்கிக்கொண்டதும் அதுதான்.

எண்பதுகளின் கடைசி அது. ரப்பர் உருளைகளை நீராவியில் வேக வைக்க ஒரு பெரிய ஆட்டோக்ளேவ் இருந்தது. எல்லோருக்கும் அது குக்கர். குனிந்து உள்ளே நுழையலாம், அவ்வளவு பெரிய வாய். வாய்க்கு ஒரு இரும்புக் கதவு, கதவைச் சுற்றி போல்ட்டுகள். உருளை வெந்ததும் ஆவியை வெளியே விட்டு, உள்ளே அழுத்தம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

அதை ஓட்டியவர் அனகாபுத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். பல்லாவரத்தில் ரயில் ஏறி, பின்னால் தாம்பரத்தில் ஏறப்போகும் எனக்காகத் துண்டைப் போட்டு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். அதே துண்டுதான் வேலையில் அவருடைய கருவியும். குக்கரின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன காக், அதாவது திருகித் திறக்கும் குழாய், உண்டு. ஆவியை விட்டு முடித்ததும் அந்த காக்கைத் திறந்து, துண்டின் முனையை அதன் முன்னால் பிடிப்பார். முனை படபடத்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பீடி ஒன்று பிடித்துவிட்டு வந்து மறுபடியும் பிடிப்பார். துண்டு அசையாவிட்டால் திறக்கலாம். அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம்.

பழைய மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்தும் வராமலும் தொங்கும். அதனால்தான் அழுத்தத்தை அளந்து மின்சாரமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வாங்கினார்கள். கையேட்டை ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். எனக்கு அப்போது தலைக்கனம் உண்டு. படித்ததை ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். குக்கர் ஆறி, வால்வுகள் மூடி, பூட்டுப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன். கொதிக்கிற ஆவி நேராகக் கருவியில் படக்கூடாது என்பதற்காக ஒரு வளைந்த குழாய் போட்டு, அதில் தண்ணீர் நிரப்பினேன். ஒரு ஸ்பேனரால் கருவியின் உடம்பைப் பிடித்து இன்னொன்றால் நட்டைத் திருகினேன், ஏனென்றால் உடம்பையே திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கொண்டுபோனேன். கையால் அடிக்கும் பம்பை மாட்டி, பூஜ்யத்துக்கு நாலு மில்லி ஆம்பியர், முழுசுக்கு இருபது என்று வரும்வரை சின்னத் திருப்புளியை முடியளவு முடியளவாகத் திருப்பினேன். சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஒரே ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தேன். அந்தக் கருவிக்கு மூக்குத் துளை மாதிரி ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது வெளிக்காற்றை உணரும் வழி. வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அது சொல்கிறது. ஓட்டை கீழ்நோக்கி இருக்க வேண்டும், அடையக்கூடாது என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. கீழ்நோக்கித் திருப்பினால் ஒயர் மூடி சுவரில் இடித்தது. அதனால் முன்பக்கம் பார்த்தபடி விட்டேன். நம் கண் உயரத்துக்கு நேராக, நெற்றி மாதிரி இருந்தது.

சிவப்பு எழுத்தில் 0.0 என்று காட்டும் டிஸ்ப்ளேயைக் கதவுக்கு எதிரே மாட்டினேன். முதல் நாள் அவர் வழக்கம் போலத் துண்டோடு காக்கருகே போனார். நான் சிரித்தேன்.

"துண்டைக் காட்டி ஜோசியம் பாக்கற காலம் எல்லாம் போச்சுண்ணா. இனிமே நம்பரைப் பாருங்க. பூஜ்யம் வந்தா திறங்க."

"அப்ப காக்கு தொறக்கத் தேவல?"

"எதுக்கு? மெஷின் பொய் சொல்லாது."

அவர் டிஸ்ப்ளேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்னா சரி சார்."

அந்த மாதம் என் மனைவிக்கு வளைகாப்பு. புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் கொண்டுபோய் குக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் நானும் சாப்பிட்டோம். அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் தெரியும்தானே. குக்கரை அணைத்துக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி, கடலை, பூசணிக்காய். அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். அவர் கிறிஸ்தவர். பூஜை முடியும்வரை ஓரமாக நின்று, பொரியை மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். அதனால் அவருடைய குக்கருக்கு நான் வைத்தேன். கதவுக்கு மூன்று பொட்டு, மீட்டருக்கு ஒன்று. கடைசியில் என் டிரான்ஸ்மிட்டருக்கு, ஆசை ஆசையாக, நல்ல பெரிய பொட்டாக, சரியாக நெற்றியில்.

"உங்களுக்கும் சேத்து வெச்சிட்டேண்ணா."

"வைங்க சார், நல்லதுதான."

சந்தனம் ஓட்டைக்குள் காய்ந்து இறுகியது. மறுநாள் குக்கரை ஏற்றினார்கள். குக்கரின் சூட்டில் டிரான்ஸ்மிட்டரும் சூடாகி, அடைபட்ட காற்று உள்ளேயே உப்பியது. கருவி அதை வெளிக்காற்று என்று நம்பி, இருப்பதைவிடக் குறைத்துக் காட்டியது. உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தபோதே 0.0 என்றது. மிச்சம் என்றால் சைக்கிள் டியூப்பை நிரப்பக்கூடப் போதாது. ஆனால் அவ்வளவு அகலக் கதவின் மேல் அது ஒரு காரின் எடை.

அவர் நம்பரைப் பார்த்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினார்.

சத்தம் கேட்டு நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். அது ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். கதவு இடது தோளிலும் முழங்கையிலும் அடித்திருந்தது. துண்டு தோளிலேயே இருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இருந்த தயிர்சாதம் முழுவதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மதியம் எல்லோர் முன்னாலும் டிரான்ஸ்மிட்டரைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றார். முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். பொட்டு அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் வெடித்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. சின்னத் திருப்புளியால் சுரண்டினேன். குண்டூசியால் ஓட்டையைக் குத்தினேன். பெட்ரோல் துணியால் துடைத்தேன். மதியம் எல்லோர் முன்னாலும் அது அட்சரசுத்தமாக நாலும் இருபதும் காட்டியது.

விசாரணை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்தது. நான் சுவரோரம் நின்றேன். நான்தான் காக்கைத் திறக்க வேண்டாம் என்றேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எப்பவும் காக்கைத் திறந்து துண்டு காட்டுவியாமே. அன்னிக்கு ஏன் காட்டல?" என்று மேனேஜர் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் சார்," என்றார்.

அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். மடங்கிய முழங்கை நிமிரவில்லை, மூன்று விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வேலை போயிற்று. அவர் ஏதோ மயக்கத்தில் சொன்னார், நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பெண் பிறந்தாள். எல்லோரும் சிரித்தார்கள் என்பதால் நானும் சிரித்தேன். எதையும் தொட்டால் கையுறை போட்டுத் தொடுவது மாதிரி இருந்தது. ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

தொண்ணூறுகளின் பாதியில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வலது கையால் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், சௌக்கியமா? பாப்பா நல்லாக் கீதா?" என்றார். நல்லா இருக்கா என்றேன். அப்புறம் மூன்று வருஷம் தினமும் என் ஸ்கூட்டரை அவரிடம்தான் விட்டேன். தினமும் அவர் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

ஒரு ஆயுத பூஜை காலை. ஸ்டாண்ட் முதலாளி வண்டி வண்டியாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். சந்தனக் கிண்ணத்தை இவர் நல்ல கையில் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார். என் வண்டியருகே நின்று, "சார், உங்க வண்டிக்கும் வெச்சிரச் சொல்லட்டா?" என்றார்.

முதலாளி அடுத்த வண்டிக்குப் போகும்வரை காத்திருந்து, சொல்லிவிட்டேன். பொட்டு, ஓட்டை, குண்டூசி, பெட்ரோல் துணி எல்லாவற்றையும், கையேட்டைப் படிக்கிற குரலில்.

அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்?" என்றார். "நான் குடிச்சுக்கினு போய்தான் கைய உட்டேன்னு எம் பொஞ்சாதி நெனச்சிக்கினு கீறா. வூட்டாண்ட வந்து அவகிட்ட சொல்லுங்க."

சாயங்காலம் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து அனகாபுத்தூர் போனோம். சந்துக்குள் சந்து. அவர் மனைவி தறியில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் அத்தனை வருஷமும் அந்தத் தறியில்தான் ஓடியது. நான் நின்றபடியே சொன்னேன். முதல் வரியிலேயே தறி நின்றுவிட்டது.

முழுவதும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் புருஷனைத்தான் கேட்டார்.

"துண்டு காட்ட வேணாம்னு இவருதான் சொன்னாரா?"

"ஆமா."

"அத ஏன்யா அன்னிக்கு மேனேஜராண்ட சொல்லல? என்னாண்டயாவது ஏன் சொல்லல?"

அவர் தலையைச் சொறிந்தார். ரயிலில் இடம் பிடித்ததைச் சொல்கிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"அப்ப சார் வூட்ல மாசமா இருந்தாங்க. வேல பூட்டா இன்னா பண்ணுவாரு? உன்னாண்ட சொன்னா நீ போய் சண்ட போடுவ."

அந்த அம்மாள் எழுந்து வந்து, அவருடைய தோளில் கிடந்த துண்டை உருவி முகத்தில் வைத்து அழுதார். "உன்னக் குடிகாரன்னு ஏசினேனேய்யா," என்றார். அவர் இடது கையை அந்த அம்மாளின் தலைமேல் வைத்தார். எனக்கு நெஞ்சு வலித்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு வலித்தது அன்றுதான். அந்த வீட்டில் நின்று நான் அழக்கூடாது என்று வாசலுக்கு வந்தேன்.

அவர் பின்னாலேயே வந்தார். "பஸ் வர்ற நேரம் சார்," என்றார். "ஓடிப் போய் ஏறிக்குங்க. அப்பதான் ஒக்கார எடம் கெடைக்கும்."