செருப்புக் கடை முஸம்மிலின் ஞாபகசக்தி

"எங்கட குடும்பத்தில மறதி என்ட பேச்சுக்கே எடமில்ல" என்று கட்டுகஸ்தோட்டைச் செருப்புக் கடை முஸம்மில் ஊரறியப் பிரகடனம் செய்திருந்தார். இருபது வருடங்களுக்கு முன் வந்தவரின் கால் அளவைக்கூடத் தப்பாமல் சொல்வார், கால்தான் மாறியிருக்கும்.

அவருடைய பதினான்கு வயது மகள் ஷிஃப்னாவுக்கோ காலையில் படித்தது பகலில் நிற்பதில்லை; சோம்பேறி என்று பள்ளியில் ஏச்சு. உடம்பெல்லாம் பால்தேநீர் நிறப் புள்ளிகள். பரம்பரை நோய் என்றார் கண்டியில் பார்த்த டொக்டர். நெற்றியில் பட்டி கட்டி, மெல்லிய மின்சாரத்தால் ஞாபகத்தைத் தூண்டிப் பார்க்கும் ஆய்வில் அவளைச் சேர்க்கலாம். அதற்குக் குடும்ப விபரம் முழுதாக வேண்டும் என்றார்.

"உங்கட பக்கம் ஆருக்கும் இப்படி?"

"சேச்சே!"

மூத்த மகளுக்குத் திகனவிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. பரம்பரை நோய் என்றால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போய்விடுவார்கள்.

"அப்ப நான்தான் சோம்பேறியா, வாப்பா?" என்றாள் ஷிஃப்னா.

முஸம்மில் அவள் நீட்டிய புள்ளிக் கையைப் பார்த்தார். இதே கேள்வியை, இதே புள்ளிக் கையை நீட்டி, முன்பு ஒருவன் கேட்டிருந்தான். வீடே ஆமென்றது. அவன் வெளியேறிப் போனான். தங்கச்சிமாரின் கல்யாணப் பேச்சு கெடாதிருக்க, அவன் பெயரையும் வீட்டார் வெளியேற்றினார்கள். ஆனால் செருப்புக் கடைக் கண்ணாடியில் அவன் இன்னமும் வந்து நின்று கேட்பான்.

"எனக்கொரு தம்பி இருந்தான், டொக்டர்" என்றார் முஸம்மில். "ஹில்மி. போகக்குள்ள வயசு... எனக்கு ஞாபகமில்ல."