பெருமாள் படம் போட்ட நோட்டீஸ்

காஜா பாய்க்குக் கிடைக்க வேண்டிய வேலையை நான் பறித்துக்கொண்டேன். ஒரு பொய் சொல்லித்தான் பறித்தேன். இத்தனை வருடம் கழித்து அதை எழுத வைத்தது, போன வாரம் இங்கே டொராண்டோவில் என் வீட்டு வாசலில் கிடந்த ஒரு தாள்.

இங்கே வாரந்தோறும் வாசலில் விளம்பரத் தாள்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஃப்ளையர் என்று பெயர். தீபாவளி நெருங்குவதால் இந்தியக் கடை ஒன்றின் ஃப்ளையரில் பெருமாள் படம். அவர் காலடியில் பாசுமதி அரிசியும் உறைந்த பரோட்டாவும். காற்றில் பறந்து நடைபாதை ஈரத்தில் ஒட்டிக் கிடந்த அதை, பக்கத்து வீட்டு டேவ் மிதித்துக்கொண்டு வந்தார். நான் பதறிப்போய்க் குனிந்து எடுத்து, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "அவ்வளவு நல்ல தள்ளுபடியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் அவரும் ஒரு மூட்டை அரிசி வாங்கி வந்து எனக்கு நன்றி சொன்னார்.

மார்க்கெட்டிங் படித்தால் நம் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா என்று ஊரிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள். எண்பதுகளில் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் இருந்தன, பேண்டேஜ் துணித் தறிகள் இருந்தன. விளம்பர வேலையும் இருந்தது. அதை வேலை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ள என்ன பாக்காவ?" என்றார்கள். விளம்பரம் என்றார் அப்பா. "அது சரி, வேலை என்ன பாக்காவ?"

எம்.ஏ. படித்து, தபால் வழியில் மார்க்கெட்டிங் டிப்ளமாவும் வாங்கியிருந்த நான், காஜா பாய் மைக் கட்டி ஓட்டும் வாடகைக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து அவர் மைக்கில் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜவுளிக்கடை, சர்க்கஸ், புதுப்படம் எதுவானாலும் அவர்தான். செட்டியார்பட்டி முதல் சுந்தரபாண்டியம் வரை அந்தக் குரல் போகாத தெரு இல்லை. வருகிற காசைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்.

அப்போதுதான் மதராஸிலிருந்து ஒரு பல்பொடிக் கம்பெனி அதிகாரி வந்தார். எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். மாதச் சம்பளம், ஸ்கூட்டர். அப்படியொரு வேலை எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. இருப்பதும் ஒன்றுதான். புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலைக்கோயிலில் விளம்பரம் செய்து காட்டுங்கள், பிறகு ஆளை முடிவு செய்கிறேன் என்றார். காஜா பாய் வாயைத் திறந்தாலே கூட்டம் நிற்கிறது என்று என்னிடமே சொன்னார். வேலை அவருக்குத்தான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

நோட்டீஸை வாங்கியதும் கசக்கி எறிவார்கள். பெருமாள் படம் போட்டுவிட்டால் யாரும் எறிய மாட்டார்கள் என்பது என் யோசனை. அச்சாகி வந்ததைப் பார்த்துக் காஜா பாய் சிரித்தார். "எம்புட்டு மூள தம்பி ஒனக்கு! பெருமாளையே காவலுக்குப் போட்டுட்டியே!"

எறிய மாட்டார்கள், சரி. எங்கே வைப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மலையேறியவர்களுக்கு ஒரு கையில் தேங்காய்த் தட்டு, மறு கையில் பிள்ளை. நழுவிய நோட்டீஸ்கள் தூறலில் மலைப்படிகளில் ஒட்டிக்கொண்டன. எல்லாம் வெறுங்கால்கள். ஒரு பெண் தூக்கிய காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றாள்.

அடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த பேச்சிமுத்து அண்ணாச்சி, மைக் வயரைப் பிடுங்கிவிட்டுக் காஜா பாயின் சட்டையைப் பிடித்தார். "யாருலே பெருமாளத் தரையில போட்டது?"

அதிகாரி என் பக்கத்தில் நின்றார். "பல்பொடி பத்தி எழுதினதுதான் நான் அண்ணாச்சி. படம் போட்டது எனக்குத் தெரியாது. பாயத்தான் கேக்கணும்" என்றேன்.

காஜா பாய் என்னையே பார்த்தார். பிறகு படியேறிப் போய் ஒவ்வொரு நோட்டீஸாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

வேலை எனக்கு வந்தது. பெருமாளைத் தரையில் போட்டவர் என்று அவரை அதன் பிறகு யாரும் மைக் கட்டக் கூப்பிடவில்லை. பேண்டேஜ் தறிக்கூடத்தில் மூட்டை சுமக்கப் போய்விட்டார். தொண்ணூறுகளில் நான் மதராஸ் ஆபீசில், தென்மாவட்டங்களுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தேன். அதே ராஜபாளையம் வேலை காலியானதும் காரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தார்.

"வா தம்பி. தொந்தி நல்லா விழுந்திருக்கு" என்று சிரித்தார். அந்த வேலையை அவருக்கே தருகிறேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. "அன்னைக்கு நீ சொல்லிருவ, சொல்லிருவன்னு செத்த நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். இப்பவாச்சும் அங்கன போய்ச் சொல்லு. பொறவு மைக்கத் தொடுதேன்."

புரட்டாசி சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் போனேன். கடையில் கூட்டம் நிற்க, படம் போட்டது நான்தான் என்று பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தேங்காய் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அது தெரியுமேய்யா."

"எப்ப?"

"அன்னைக்கே. இந்த மாதிரி யோசனையெல்லாம் படிச்சவனுக்குத்தான வரும்? நீங்க நம்ம ஆளு. ஒங்கள அடிச்சா கேக்க ஆள் வரும். விடுங்க, பழைய கத. தேங்கா வேணுமா?"

அதை அப்படியே காஜா பாயிடம் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஊர்க்காரக தெரியாமச் செஞ்சுட்டாகன்னு நெனச்சு மன்னிச்சிருந்தேன் தம்பி. அதையும் எடுத்துட்டுப் போயிட்டியே."

வேலை வேண்டாம் என்றுவிட்டார். மதுரைக்காரர் ஒருவரைப் போட்டோம். அடுத்த சில வருடங்களில் நான் கனடா வந்தேன். என் அனுபவத்தை இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வீடு வீடாக ஃப்ளையர் போடுவதுதான் முதல் வேலை. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, சம்பளம் தந்தார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? நம் பக்கத்தில் வேலை இருந்தது. அதற்கு எங்களில் சிறந்த ஆளும் இருந்தார்.

நேற்று குப்பை வண்டி வரும் நாள். பழைய காகிதம் போடும் நீலப் பெட்டியை வாசலுக்கு இழுத்துவிட்டேன்; அந்தத் தாளை மட்டும் அதில் போட முடியவில்லை. சாமி அலமாரியில் வைக்கலாம் என்றால் பெருமாள் காலடியில் பரோட்டா விலை இருக்கிறது. வண்டி வந்து போன பிறகும், செருப்போடு ஒரு கால் நடைபாதையிலும், செருப்பைக் கழற்றிய வெறுங்கால் வாசற்படியிலுமாக, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.