கயிற்றுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு மீட்டர்

ஆற்று முகத்துவாரத்தில் ஆழம் பார்க்கும் படகில் இரண்டு பேருக்கு வேலை. ஒருவர், ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது தரை தட்டியதும் கயிற்று முடிச்சைப் பார்த்து ஆழம் சொல்பவர். துறைமுகமே அவரைக் குண்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஆள் என்னவோ ஒல்லி. இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. எக்கோ மெஷின் அவன் பொறுப்பு. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழம் சொல்லும் மெஷின்.

பல வருடம் இருவர் அளவும் ஒத்துப்போனது. இந்த வருட வெள்ளத்துக்குப் பிறகுதான் வினை. மெஷின் ஐந்து மீட்டர் என்றது. கயிறு ஆறு என்றது. கப்பலை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் துறைமுக அதிகாரி எரிந்து விழுந்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்பு. யாருன்னு தெரிஞ்சதும் அந்த ஆள வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

குண்டுக்காரர் உடனே முடிவு கட்டிவிட்டார். மச்சினன் மெஷினைத் திருகிவிட்டு, தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான். இல்லாவிட்டால் கயிற்றிலேயே கை வைத்திருக்கிறான். வீட்டுக் கூடத்தில் கயிற்றை நீட்டிப் போட்டு அளந்தார். சரியாக இருந்தது. குண்டைச் சமையல் தராசில் நிறுத்தார். அதுவும் சரி.

"மாவு நிறுக்கிற தராசுல அத ஏங்க வைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"உன் தம்பி புத்தி தெரியாம பேசாத."

"சட்டை பட்டனையே மாத்திப் போடுறவன், உங்களுக்குக் குழி பறிக்கப் போறானாக்கும்!"

தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. சந்தேகம் பிடித்தவர்களுக்கு முதலில் கெடுவது வயிறுதான்.

கயிற்றை இழுக்கும்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இழுப்பது அவர் பழக்கம். அழுக்குக் கயிறு ஆகாது. மறுநாள் படகில் கண் முழுக்க மச்சினன் விரல்மேல் இருந்ததால், துணியை எடுக்கவே மறந்துபோனார்.

"என்ன அத்தான், வச்ச கண்ணு வாங்காம பாக்குறீங்க? நான் என்ன அவ்வளவு அழகா?"

"எந்தப் பொத்தான அமுக்குறேன்னு பாக்குறேன், மாப்ளே."

"அது கிடக்கட்டும், உங்க சட்டையப் பாருங்க."

சட்டை முன்புறம் முழுக்கச் சேறு. குண்டுக்கு மேலே ஒரு மீட்டர் நீளத்துக்குக் கயிறு வழவழவென்று வண்டலைப் பூசிக்கொண்டு வந்திருந்தது. அதற்கு மேலே சுத்தம்.

இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. வெள்ளம் கொண்டுவந்த மெல்லிய வண்டல் இன்னும் இறுகாமல், பழைய மணல் தரைமேல் கரைத்த மாவு மாதிரி கிடந்தது. ஒலி அதன் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பியது; குண்டு அதற்குள் முழுகி மணல்வரை போனது. அந்தச் சாட்சியை இத்தனை நாளும் குண்டுக்காரர் தம் கையாலேயே துடைத்து எறிந்திருக்கிறார்.

அதிகாரி முன்னால் வாய் கூசியது. சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் பிழைப்பு போகும்.

"ரெண்டு அளவும் சரிதாங்க. நடுவுல இருக்குறது சேறு. கயித்தத் துடைச்சே மறைச்சது நான்தான்."

அதிகாரி கத்தித் தீர்த்தார். பிறகு, வண்டல் இறுகும்வரை கப்பல் வேண்டாம், இருவரும் தினமும் சேர்ந்தே அளக்க வேண்டும் என்றார்.

படி இறங்கும்போது மச்சினன் கேட்டான்: "என்னையா அத்தான் சந்தேகப்பட்டீங்க?"

"ஆமா."

"இப்பத் தீந்துச்சா?"

"முக்கால்வாசி."

"மிச்சம்?"

"நாளைலேர்ந்து உன் மெஷின் பக்கத்துலதான் உக்காரப் போறேன். பாத்துட்டுச் சொல்றேன்."