திருப்பி வைக்காத பொட்டலம்

விசாலம் டீச்சர் போய்விட்டார் என்று அவர் கணவர் ஈப்போவிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது, நான் என் மகளின் நிச்சயத்துக்குத் தாம்பூலத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். "வலி இல்லாமப் போனாங்க. தூக்கத்துலயே" என்றார். நெடுநாள் நோய். டீச்சர் பட்ட பாட்டைப் பார்த்த நம் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் அழுகைக்கு முன்னால் ஒரு பெருமூச்சுதான் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

பக்கத்தில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அண்ணி கையை நிறுத்திவிட்டார். "நல்ல காரியம் பேசுற அன்னைக்கு இப்படி ஒரு சேதியா? சகுனம் சரியில்லலா. தள்ளிப் போட்டுறலாம்." மாப்பிள்ளை வீட்டார் கோலா தெர்லாவிலிருந்து கிளம்பிவிட்டிருந்தார்கள். என் மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் விசாலம் டீச்சருக்கு எப்படிக் கோபம் வரும் என்று அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். ஒருமுறை ஆசிரியர் அறையில் ஒருவர், தான் பச்சைச் சேலை கட்டினாலே அன்றைக்கு வகுப்பு அடங்குவதில்லை என்று புலம்பினார். டீச்சர் விடுவாரா? "பச்சை கட்டாத அன்னைக்கு மட்டும் அடங்கி உட்கார்ந்துச்சா? ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணோட வாய்ப்பு மாறணும். மாறலேன்னா ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. பாவம், அந்தச் சேலைய விடுங்க!" சேலைக்காரர் அடுத்த வாரமே பச்சையில் வந்தார். முறைத்துக்கொண்டுதான் வந்தார்.

எனக்குத் திருமணம் நடந்ததே அந்தக் கோபத்தால்தான். அண்ணனுக்கு ரிங்லெட்டில் பெண் பார்த்திருந்தார்கள். அவர்தான் இந்த அண்ணி. அதே சமயம் நான் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டும் ஒருவரை விரும்பினேன். தேயிலை பேக்டரியில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "டீச்சர் வேலை பாக்குற புள்ளைக்கு லோரிக்காரனா?" என்று குதித்தார். அம்மா கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கி, "ரெண்டு பேருக்கும் ஆத்தாகிட்ட பூக் கேப்போம். அவ சொல்றதுதான் முடிவு" என்றார். எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கு எங்களைத் தன் காரில் ஏற்றிவந்தவர் விசாலம் டீச்சர்.

பூசாரி வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் கட்டித் தட்டில் போட்டுக் குலுக்கினார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அண்ணனுக்காக ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அம்மா குலவை போட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பூசாரி அவசரத்தில், தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எனக்கென்று எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"ஆத்தாவே வேணாங்குறா. முடிஞ்சுது, கிளம்புங்க" என்றார் அப்பா. அம்மனே சொன்ன பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

"ஐயா, அதப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே சிவப்புன்னு எனக்குத் தெரியும்" என்றார் விசாலம் டீச்சர்.

அப்பா திரும்பினார். "எப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்கும்தான் தெரியும். இருந்தது ரெண்டு பொட்டலம். வெள்ளை வெளிய வந்துருச்சு. மிச்சம் என்ன இருக்கும்?"

பூசாரி காலித் தட்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணனுக்கும் சரி, தங்கச்சிக்கும் சரின்னு ஆத்தா நெனச்சிருந்தா எந்தப் பூவால சொல்வா? நீங்க அதுக்கு வழியே வைக்கலையே! மொதப் பொட்டலத்தத் திருப்பி வச்சிட்டுக் கேளுங்க."

அப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி தலையைச் சொறிந்தார். "அவங்க சொல்றதும் நியாயந்தான்லா" என்று சொல்லி மறுபடி இரண்டையும் கட்ட உட்கார்ந்தார். நான் டீச்சரின் காதோடு, "ரெண்டுலயும் வெள்ளையே வைக்கச் சொல்லுங்களேன்" என்றேன். "சீ, அப்புறம் கேக்குறதுக்கு என்ன இருக்கு? சும்மா நில்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளை வந்தது. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா அந்தப் பூவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

திரும்பும் வழியில் டீச்சர் எனக்குப் பாடமே நடத்தினார். "ஒண்ணையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாத்தா, திருப்பி வச்சாலும் வைக்காட்டியும், ஒவ்வொரு எடுப்புலயும் வெள்ளைக்குப் பாதி வாய்ப்புதான். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லேன்னா, ரெண்டும் வெள்ளையா வர்றதுக்குப் பாதியப் பாதியால பெருக்கி, கால் வாய்ப்பு இருக்கணும். திருப்பி வைக்கலேன்னா அது பூஜ்யம். வெள்ளை வெள்ளை, வெள்ளை சிவப்பு, சிவப்பு வெள்ளை, சிவப்பு சிவப்பு. நாலு சோடிக்கும் பெருக்கல் ஒத்து வரணும். ஒண்ணு இடிச்சாலும், ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்குதுன்னு அர்த்தம். தமிழ் டீச்சருக்குப் பெருக்கல் தெரியும்ல?"

"மறுபடியும் சிவப்பே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வந்திருந்தா உங்கப்பாகூட சண்டை போட வேற வழி தேடியிருப்பேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உங்களுக்கும் அந்தச் சிரிப்பு நினைவிருக்கும்.

இப்போது அண்ணி "தள்ளிப் போட்டுறலாம்" என்று சொன்னபோது அதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவர் லோரியைக் கழுவிக்கொண்டு வெளியே இருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாதான் வாயைத் திறந்தார். அவருக்கு இப்போது காது மந்தம். ஆனால் இது கேட்டிருக்கிறது.

"டீச்சரம்மா போனது ஒரு பொட்டலம். எம் பேத்தி கல்யாணம் வேற பொட்டலம்" என்றார். "அதத் திருப்பி வச்சிட்டு இதப் பிரிங்க. அந்தம்மா இருந்திருந்தா இந்நேரம் ஒங்கள வறுத்தெடுத்திருக்கும்."

அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலையைத் துடைக்கத் தொடங்கினார். என் மகள் ஓடிப்போய்த் தாத்தாவைக் கட்டிக்கொண்டாள்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விசாலம் டீச்சருக்காக அழுது தீர்த்தேன். பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்து, வந்தவர்களை வாங்க என்றேன். அழுகையிலும் குறை இல்லை, சிரிப்பிலும் குறை இல்லை; ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.