அக்கா கேட்ட மேட்டுக்காடு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பிழை இல்லாமல் எழுத வராது. இதைப் படித்துத் திருத்திய அக்கா மகளும், அச்சுக் கோத்தவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் நினைவு மலருக்குக் காரியத்தன்றே எழுதித் தரச் சொன்னார்கள். வருஷம் திரும்பும்போதுதான் என்னால் உட்கார முடிந்தது.

எங்கள் அக்கா, திருச்செங்கோட்டுப் பக்கம் உள்ள எங்கள் ஊரில் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுது, பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய்விட்டேன். அக்கா விடாமல் படித்துக் கணக்கு டீச்சர் ஆனார். மாமா சீக்கிரமே இறந்துவிட, ஒரே மகளைத் தனியாக ஆளாக்கினார். பல ஊர்களில் வேலை பார்த்து, கடைசியில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கே தலைமை ஆசிரியராக வந்தார். அப்பா இறந்தபோது விவசாயக் காட்டில் தன் பங்கையும் என் பேருக்கு எழுதிக் கொடுத்தார். "எனக்குத்தான் சம்பளம் வருதல்ல, நீ வெச்சுக்கடா" என்றார்.

கோடை விடுமுறையில் அக்கா வீடு தங்க மாட்டார். தறிப்பட்டறைகளுக்குப் போய், பிள்ளைகளை எங்கள் பள்ளியில் சேர்க்கச் சொல்லிக் கேட்பார். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் பள்ளியோ பத்தாவது வரைதான். எப்படியும் ப்ளஸ் ஒன்னுக்கு டவுனுக்குத்தான் போகவேண்டும், ஆறாவதிலேயே அங்கே சேர்த்துவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். அதனால் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக்க அக்கா அலைந்தார். வகுப்பறை கட்ட இடம் கொடுத்தால் மேல்நிலை கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பள்ளி மதிலை ஒட்டி இருந்தது எங்கள் மேட்டுக்காடு.

அதில் பாதியைத்தான் அக்கா கேட்டார். அவர் எனக்கு எழுதிக் கொடுத்த பங்கே அவ்வளவு இருக்கும்.

என் மகனுக்குப் பெண் தேட ஆரம்பித்திருந்த நேரம். பெண் வீட்டார் முதலில் கேட்பதே காடு எவ்வளவு என்றுதான். முடியாது என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாமிகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுக்கா" என்றேன்.

கோயிலில் வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன் போட்டார்கள். வெள்ளை வந்தால் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"அப்பறம் என்னுங்க? ஆத்தாளே குடுக்கச் சொல்லீட்டா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொருக்காக் கேட்டுப் போடலாமுங்க" என்றேன்.

பூசாரி அக்காவைப் பார்த்தார். அக்கா சரி என்று தலையாட்டினார். இரண்டாம் முறை சிவப்பு வந்தது.

அக்கா சிரித்துவிட்டார். "பெயிலானவன் மறுகூட்டல் போட்டுப் பாத்திருக்கறேன். பாஸானதுக்கு அப்பறம் போட்டவன் நீ ஒருத்தன்தாண்டா!" பிறகு, "ஊட்டுக்கு வா, சாப்புட்டுட்டுப் போலாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இடம் இல்லை என்று மேல்நிலைப் பள்ளி வேறு ஊருக்குப் போனது. ஆறாவதில் சேர்க்கை வருஷா வருஷம் குறைந்தது. அறிவியல் டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். கணக்கோடு அறிவியலையும் அக்காவே நடத்தினார். தெரியாத பாடத்தைப் படித்துப் படித்து அவர் இளைத்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மேட்டுக்காட்டில் மாட்டுக்குச் சோளம் விதைத்தேன்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்தான் துணைக்கு இருந்தேன். ஒருநாள், "அக்கா, அந்தக் காடு..." என்று ஆரம்பித்தேன்.

"உடு சாமி. பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதா?"

"இன்னும் இல்லீக்கா."

"அமையும்டா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. மாற்றலாகிப் போன பிறகும் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்த அறிவியல் டீச்சருக்கு நன்றி. காரியங்களுக்குத் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் ஊராருக்கும் நன்றி.

கோகிலாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்காவிடம் படித்த பெண். பூக் கேட்டதற்குச் சில வருஷம் கழித்துப் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். ப்ளஸ் ஒன் படிக்கப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டாம் என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார். நூல் மில்லுக்குப் போனாள். அக்காவின் கடைசி நாட்களில் ஷிப்ட் முடிந்து வந்து, உடம்பு துடைத்துத் தலை வாரிவிட்டவள் அவள்தான். காரியம் முடிந்ததும் நன்றி சொல்லப் போனேன். "எங்க டீச்சருக்குச் செஞ்சேனுங்க, அதுக்கு எதுக்குங்க நன்றி? நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டாள். கோயிலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

இந்த மலர் அவள் கைக்கும் போகும். கோகிலா, அம்மன் முதலில் வெள்ளைதான் கொடுத்தாள்.

ஆவணி மாதம் மூன்றாம் தேதி.