விசில் டீச்சர் வீட்டு மூடிகள்

விசில் டீச்சர் வீட்டில் எந்த மூடியும் ஒழுங்காக மூடியிருக்காது. சர்க்கரை டப்பா, காபித்தூள் பாட்டில், பற்பசை, மாத்திரைப் புட்டி, எல்லாவற்றின் மேலும் மூடி பேருக்கு உட்கார்ந்திருக்கும். விஷயம் தெரியாமல் மூடியைப் பிடித்துத் தூக்கியவர்களுக்குக் கையில் மூடி, காலடியில் சர்க்கரை. எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஒரு விசில் ஊதினால் மைதானமே கப்சிப். இப்போது சொந்த விரல்களே பேச்சைக் கேட்பதில்லை. முடக்குவாதம் வந்ததிலிருந்து காலையில் மடங்கவும் மாட்டேன், நீளவும் மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நிற்கும். பத்து மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாக வேலைக்கு வரும். லேட்டாக வருகிற கழுதைகள் என்று டீச்சர் அவற்றைத் திட்டுவார்.

திட்டினாலும் சளைக்கவில்லை. கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடியாக்கினார். கைப்பை ஜிப்பில் சாவி வளையம் மாட்டினார். கதவின் உருண்டைக் குமிழைக் கழற்றிவிட்டு முழங்கையால் அழுத்துகிற கைப்பிடி போட்டார். மூடிகளை மூடுவதையே விட்டுவிட்டார்.

மகன் வருகிறான் என்றதும்தான் டீச்சர் ஆடிப்போனார். தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அவன் போனிலேயே சொல்லியிருந்தான். மகன் வீடு நல்ல வீடுதான், மருமகளும் தங்கமான பெண்தான். ஆனால் அங்கே டீச்சர் விருந்தாளி, இங்கே ராணி.

அவன் வந்த மறுநாள் காலை, மேஜைக்கு அடியில் ஒரு முக்காலி, அதன்மேல் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் டீச்சரின் இரண்டு கைகள். மேஜைமேல் செய்தித்தாள் விரிந்திருந்தது.

"என்னம்மா, ஒரு மணி நேரமா ஒரே பக்கத்தப் படிக்கிற?"

முக்கியமான செய்தி என்றார் டீச்சர். அந்தப் பக்கம் முழுக்க மெத்தை விளம்பரம்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மகனுக்குப் பாசம் பொங்கியது. எறும்பு மொய்ப்பதைப் பார்த்து வீட்டிலிருந்த அத்தனை மூடிகளையும் இறுக்கித் திருகினான். உடற்பயிற்சிக்கூடம் போய் உரமேறிய கை, கேட்க வேண்டுமா?

அடுத்த நாள் காலை மாத்திரைப் புட்டி அசைந்து கொடுக்கவில்லை. டீச்சர் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினார், துண்டு சுற்றினார், கதவிடுக்கில் கொடுத்து நெம்பினார், கெட்ட வார்த்தைகூடச் சொல்லிப் பார்த்தார். மகன் எழுந்து வந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து புட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. டீச்சருக்கு அழுகை வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்தது.

"மூடத் தெரியாமலாடா தெறந்து வெச்சிருக்கேன்? நீ இறுக்கிட்டா என்னால தெறக்க முடியாது. பத்து மணி வரைக்கும் இது என் கையே இல்ல. தெரிஞ்சுபோச்சுல்ல, என் துணிமணியையும் எடுத்து வை."

மகன் புட்டியை வாங்கித் திறந்து மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தான். வீங்கிக் கோணிய அந்த விரல்களை அப்போதுதான் அவன் கிட்டத்தில் பார்த்தான். புட்டியை வைத்துவிட்டு உள்ளே போனான். டீச்சர் எதையெல்லாம் எடுத்துப்போவது என்று யோசிக்கத் தொடங்கினார். ஜிப்பில் மாட்டிய சாவி வளையத்தை மறக்கக்கூடாது.

சமையலறையில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மகன் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, மூடியைத் திருகித் தளர்த்தி, பேருக்கு மேலே வைத்துக்கொண்டிருந்தான். சர்க்கரை டப்பாவை மட்டும், எறும்பு ஏறாதபடி, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்தியிருந்தான்.

"சாயங்காலம் நான் மட்டும்தான்மா கெளம்பறேன்," என்றான் திரும்பாமலே.

டீச்சருக்கு மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் ராணிக்கு ராஜ்ஜியம் திரும்பக் கிடைத்த நேரம் அது.

"பேஸ்ட் மூடிய யாரு தெறப்பா?" என்றார்.