மற்றக் கையும் ஒரு ரிவோல்வர் பிடியும்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன், வந்த இடத்தில் துவக்குக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். என் அறை நண்பர்களும் வயிறு நோகச் சிரித்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. டென்மார்க்கில் வைலே நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் தொழிற்சாலை, துப்புரவு என்று கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நான் தளபாடக் கடையில் மரவேலை செய்தவன். மரம் செதுக்க ஆள் தேவை என்று ஒரு கடைக்காரர் கேட்டிருந்தார். வேலை தேடித் தரும் கந்தோர்ப் பெண்மணி இரண்டையும் பொருத்தி என்னை அனுப்பிவிட்டார். எந்தக் கடை என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டேனிஷ்காரர் பேசியதையும் எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன். என் நினைவில் அவர்கள் இப்போது அப்படித்தான் கதைக்கிறார்கள்.

1. எலும்புக்கூடு

முதலாளி ஹான்ஸுக்கு அறுபது வயதிருக்கும். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வரும். முதல் நாள் காலை ஒரு ரிவோல்வரை மேசையில் வைத்தார். எனக்குக் காது சுட்டது. ஊரில் இந்தச் சாமானை யாராவது மேசையில் வைத்தால் அதற்குப் பிறகு நல்ல கதை எதுவும் நடப்பதில்லை. அவர் சிலிண்டரைத் திறந்து, ஓட்டைகள் வெறுமையாக இருப்பதை எனக்குக் காட்டினார். பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, வெறும் உடலை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"சுடுற சாமான் எல்லாம் என்ரை பாடு. மரம் உம்மடை பாடு. பொலிசிலை உம்மடை பேருக்கு அனுமதி வருமட்டும் இந்த எலும்புக்கூட்டை மட்டும் தொடும். விளங்குதோ?"

"ஓம்" என்றேன். அதைவிட நிம்மதியான உத்தரவை நான் கேட்டதில்லை.

எங்களிடம் அதிகம் வந்தவை சின்னக் குண்டு போடும் மாக்னம் ரிவோல்வர்கள். இருபத்திரண்டு மாக்னம் என்பார்கள். குண்டு சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை, சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். கையை அவ்வளவு உதைக்காது என்பதால் சூட்டுக் கழகத்தில் பலருக்கு அதில் விருப்பம். இங்கே அதை வைத்திருப்பது லேசான காரியமில்லை. கழகத்தில் அங்கத்தவராக இருந்து பழக வேண்டும், பொலிஸ் அனுமதி வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து வாங்கினவருக்கு அதன் பிடி மட்டும் ஒருநாளும் பிடிக்காது. தொழிற்சாலைப் பிடி மெல்லியது, வழுக்கும். உள்ளங்கையை நிரப்புகிற மாதிரி, பெருவிரல் இளைப்பாற ஒரு திட்டு வைத்து, வால்நட் மரத்தில் புதிதாகச் செய்து கேட்பார்கள். அதுதான் என் வேலை.

"மூண்டு மாதம் பாப்பம். சரிவந்தால் நிரந்தரம்" என்றார் ஹான்ஸ். மனைவி மேரியும் நாலு வயது மகள் செல்வியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நிரந்தர வேலை கிடைத்தால் வீடு எடுக்கலாம். வீடு எடுத்தால் அவர்களைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நான் செதுக்கிய ஒவ்வொரு கட்டையிலும் அந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

2. இங்கர் கையை நீட்டினார்

மூன்றாவது மாதத்தில் இங்கர் வந்தார். தபால் விநியோகிப்பவர், ஐம்பது தாண்டியவர், சைக்கிள் மிதித்து மிதித்து இறுகின உடம்பு. பெருவிரல் அடியில் மூட்டு வாதம். பழைய பிஸ்டலைப் பிடிக்க முடியாமல்தான் சின்ன மாக்னத்துக்கு மாறியிருந்தார்.

"இதுவும் நோகுது" என்றார். "நல்ல பிடி ஒண்டு சரிவராட்டி இதைக் குடுத்துப்போட்டு நிப்பாட்டப் போறன்."

ஹான்ஸ் என்னைப் பின்னால் கூப்பிட்டார். "கழகத்திலை எல்லாருக்கும் அவவைத் தெரியும். இதைச் சரியாச் செய்து குடும். அதோடை உம்மடை மூண்டு மாதக் கதையையும் முடிப்பம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, ரெலிபோன் அடிக்கவே முன்பக்கம் போய்விட்டார்.

கையை அளக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. எலும்புக்கூட்டின் பிடியில் களிமண் அப்பி நீட்டுவோம். வாடிக்கையாளர் சுடுகிற மாதிரி அதை இறுக்கிப் பிடிப்பார். விரல் பதிந்த அச்சைப் பார்த்து மரத்தை வெட்டுவோம். நான் களிமண்ணை நீட்டினேன். இங்கர் இடது கையை நீட்டினார்.

எங்கள் ஊரில் இடது கையால் ஒரு சாமானை வாங்கினால் கொடுத்தவருக்கு முகம் சுருங்கும். கடையில் மிச்சக்காசு வாங்கினாலும் வலது கைதான். சின்ன வயதிலிருந்து அப்படியே ஊறிப்போனவன் நான். மனுசி வேறு ஏதோ யோசனையில் கை மாறி நீட்டிவிட்டா என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் மேரி குரல் பதிந்து அனுப்பிய கசெட்டிலும் அதே கதைதான். "செல்வி சோத்தை இடக்கையாலை அள்ளுறாள். அடிச்சு அடிச்சுத்தான் பழக்கிறன்" என்று சொல்லியிருந்தாள். பிள்ளை நன்றாக வளர்கிறாள் என்று நானும் திருப்திப்பட்டிருந்தேன்.

"அதில்லை, மற்றக் கை" என்றேன், சிரித்த முகத்தோடு.

இங்கர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். இடது கையை எடுத்துவிட்டு வலது கையால் களிமண்ணைப் பிடித்தார். போகும்போது பற்றுச்சீட்டில் வலது கையால்தான் கையெழுத்தும் வைத்தார். பிறகு எனக்கென்ன சந்தேகம்?

அந்தப் பிடிபோல் ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. நல்ல ரேகை ஓடின கட்டை. இரும்பு உடலில் புகைக்கரி பூசி மரத்தோடு பொருத்திப் பார்த்து, மரத்தில் கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் அராவி, திரும்பப் பூசி, திரும்ப அராவி, கடைசியில் உடலுக்கும் மரத்துக்கும் நடுவில் கடதாசிகூட நுழையாது. ஆளி எண்ணெய் தடவிக் காயவைத்தபோது ஹான்ஸ் வந்து தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

3. நிலவறை

கடைக்குக் கீழே பரீட்சித்துப் பார்க்க ஒரு சூட்டுத் தடம் இருந்தது. ஹான்ஸ் சிலிண்டரைத் திறந்து வெறுமை என்று காட்டி, ரிவோல்வரை இங்கரிடம் நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார். சாதாரணமாக வாங்குகிறார், கை மாற்றுவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மாற்றவில்லை. அந்தக் கையையே நேராக நீட்டி இலக்கைப் பார்த்தார்.

பெருவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் திட்டு இல்லை. வலது உள்ளங்கைக்காக நான் ஆசையாக வைத்த மேடு, அவருடைய நோகிற மூட்டிலேயே போய்க் குத்தியது. அவர் முகம் சுளித்துக் கையை இறக்கினார்.

ஹான்ஸின் கழுத்து சிவந்தது. "எந்தக் கை எண்டு கேக்கேல்லையோ நீர்? ஒரு கேள்வி! ஒரேயொரு கேள்வி!"

மேரியும் செல்வியும் கண் முன்னால் வந்து நின்றார்கள். "அவ இடக்கையைத்தான் நீட்டினவ. நான்தான் மற்றக் கை எண்டு..." என்று இழுத்தேன்.

"ஏன்?"

"எங்கடை நாட்டிலை இடக்கையாலை வாங்கிறது மரியாதை இல்லை."

ஹான்ஸ் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றார். இங்கர் ரிவோல்வரைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தார்.

"அவரை ஏசாதை, ஹான்ஸ்" என்றார். "எனக்கு ஒரு ரீச்சர் இருந்தவ. நான் இடக்கையாலை எழுதினால் கோடு போடுற அடிமட்டத்தாலை விரல் மூட்டிலை அடிப்பா. பிறகு அந்தக் கையை நான் இருக்கிற கதிரையோடை கட்டி விட்டவ. அதாலைதான் வலக்கையாலை எழுதிறன். இண்டைக்கும் வடிவா எழுத வராது."

தன் இடது கையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"இவர் மற்றக் கை எண்டார். இல்லை, இதுதான் என்ரை கை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. ஏழு வயதுப் பிள்ளை மாதிரி மாத்திக் குடுத்தன். வீட்டை போய் எனக்கு என்னிலைதான் கோபம். நான் ஏன் சுடத் தொடங்கினனான் தெரியுமோ? இந்தக் கையாலை செய்யிறதுக்கு ஒருத்தரும் ஏசாத ஒரே இடம் அதுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வந்த அழுகை என்று ஹான்ஸ் நினைத்திருப்பார். எனக்குக் கசெட்டில் கேட்ட குரல்தான் காதில் நின்றது. அடிச்சு அடிச்சுத்தான் பழக்கிறன்.

"மன்னியுங்கோ" என்றேன். டேனிஷில் அதற்குச் சரியான சொல் எது என்று அப்போது எனக்குத் தெரியாது. இருந்த சொல்லைச் சொன்னேன்.

ஹான்ஸ் மேலே போய் இன்னொரு வால்நட் கட்டையோடு திரும்பி வந்தார். அதை என் கையில் வைத்தார். "திரும்பத் தொடங்கும். இந்த முறை கேட்டுப்போட்டு."

களிமண்ணைப் பிசைந்து அப்பி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினேன். "எந்தக் கை?"

"இது" என்றார் இங்கர். இடது கையை நீட்டினார்.

4. இரண்டாவது கட்டை

அந்தக் கட்டை முதலாவதைப் போல் ரேகை ஓடினதில்லை. ஆனால் இந்த முறை நான் கையைப் பார்த்தேன். மூட்டு எங்கே வீங்கியிருக்கிறது, எந்த விரல் முதலில் களைக்கிறது என்று கேட்டேன். பெருவிரலுக்குத் திட்டு வைக்காமல், சும்மா சாய்ந்து கிடக்க ஒரு பள்ளம் எடுத்தேன்.

நிலவறையில் அவர் ஆறு குண்டும் போட்டுச் சுட்டார். நான் காதுமூடியோடு பின்னால் நின்றேன். சத்தத்துக்கு என் உடம்பு வழமைபோல் திடுக்கிட்டது, ஆனால் கண்ணை மூடவில்லை. இலக்குக் கடதாசியை இழுத்தெடுத்தபோது ஓட்டைகள் எல்லாம் நெருக்கி நின்றன. இங்கர் கையை விரித்து மடக்கிப் பார்த்தார்.

"நோகேல்லை" என்றார். பிறகு திரும்பி என்னிடம், "நன்றி, அன்ரன்" என்று இடது கையை நீட்டினார். நானும் யோசிக்காமல் என் இடது கையைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருவருக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தரம்.

ஹான்ஸ் அடுத்த நாள் காலை கோப்பியை ஊற்றிக்கொண்டே, "நிரந்தரம்" என்றார். பிழையாகிப்போன முதல் பிடியை மட்டும் என் மேசைக்கு நேரே ஆணியில் மாட்டிவிட்டார். கழற்றட்டுமா என்று இரண்டு தரம் கேட்டேன். "இருக்கட்டும், வடிவா இருக்கு" என்றார். குசும்பு பிடித்த மனிதர்.

அன்று பின்னேரமே மேரிக்குக் கசெட் பதிந்தேன். வேலை நிரந்தரமான சேதியைக்கூட இரண்டாவதாகத்தான் சொன்னேன். முதலில் சொன்னது, "பிள்ளைக்கு அடியாதையும். அவள் அள்ளிற கையாலை அள்ளட்டும்." மேரி அடுத்த கசெட்டில், குளிருக்கு உங்களுக்கு ஏதும் செய்துவிட்டதோ என்று கேட்டிருந்தாள்.

5. பிறகு

மேரியும் செல்வியும் என்னிடம் வந்து சேர்ந்து சில வருடத்தில், கத்தோலிக்கக் கோவிலில் செல்வி முதல் நற்கருணை வாங்கினாள். இந்த நாட்டுக் கோவிலில் நற்கருணை அப்பத்தைக் கையில் வைப்பார்கள். ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையால் எடுத்து உண்ண வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இடது கையில் ஏந்தி வலது கையால் எடுத்தார்கள். செல்வி மாறி ஏந்தினாள்.

பக்கத்திலிருந்த மேரி என்னை இடித்தாள். "இஞ்சருங்கோ, எல்லாரும் பாக்கினம். மற்றக் கை எண்டு அவளுக்குக் காட்டுங்கோவன்."

ஃபாதர் சிரித்துக்கொண்டே அவள் நீட்டிய கையில் வைத்தார். செல்வி இடது கையால் எடுத்து வாயில் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் ஒரு பயமும் இல்லாமல் திரும்பி நடந்து வந்தாள்.

துவக்குக் கடையில் படித்தது இவ்வளவுதான்: சாமானை நீட்டும்போது எந்தக் கை என்று கேள், அவர் நீட்டுகிற கைதான் சரியான கை. அன்றைக்குக் கோவிலில் இதை விளங்கப்படுத்த நேரமிருக்கவில்லை. மேரியிடம், "விடும், அதுதான் அவளின்ரை கை" என்று மட்டும் சொன்னேன்.